முழம் போடும் அம்மாவுக்கு வகுப்பில் என்ன வேலை?

திருத்தணி மலைக்கு 365 படி, வருடத்தின் நாள் கணக்கு என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஏழு ஏழாக எண்ணிக்கொண்டு ஏறினால் 52 கட்டு முடிந்து ஒரு படி மிஞ்சும். போன வருடம் செவ்வாயில் வந்த பிறந்தநாள் இந்த வருடம் புதனுக்கு நகர்வது அந்த ஒற்றைப் படியால்தான் (லீப் வருடம் குறுக்கிட்டால் இரண்டு நாள் தள்ளும்). வகுத்தல் கணக்குக்கு இதைவிட நல்ல சாமான் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆனால் செய்து பார்த்துப் படிப்பது என்றதும் நம் வீடுகளில் சில பிடிவாதங்கள் தலைதூக்குகின்றன.

நம்பிக்கை: புராஜெக்ட் என்றால் தெர்மாகோல்.

உண்மை: இரவு பதினொரு மணிக்கு எரிமலைக்குப் பெயின்ட் அடித்தவன் நான். மகள் தூங்கிவிட்டாள். மறுநாள் கிடைத்த ‘வெரி குட்’ யாருக்கு என்பது எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

நம்பிக்கை: அட்டையும் பாயும் வைத்து விளையாடினால் படிப்பு ஏறாது.

உண்மை: செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-ல் மாநிலம் முழுக்கப் பரவியது. அதற்கு முன்மாதிரி மதனப்பள்ளி பக்கத்து ரிஷிவேலியில், கிராமப் பள்ளிகளுக்காக உருவானது. பழைய சித்தூர் மாவட்டம் அது. 1960 ஏப்ரல் வரை திருத்தணியும் அதே மாவட்டம்தான். இந்த முறையில் ஒவ்வொரு பாட அட்டைக்கும் கற்றல் ஏணியில் ஓர் இடம் உண்டு. காய்ச்சலில் நான்கு நாள் வராத பிள்ளை விட்ட படியிலிருந்தே தொடரலாம்; கரும்பலகைப் பாடம் அப்படி யாருக்காகவும் காத்திருக்காது. பல படிகளில் நிற்கும் பிள்ளைகளை ஒரே ஆசிரியர் கவனிப்பது சிரமம், அதை மறுக்க முடியாது. 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தே பாடம் நடத்தச் சொல்கிறது.

நம்பிக்கை: பள்ளிக்கூடமே போகாத அம்மா என்ன சொல்லிக்கொடுப்பாள்? அதுவும் வீட்டில் தெலுங்கு!

உண்மை: கோயில் பக்கம் பூ விற்பவரின் கையைப் பாருங்கள். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை சரம் ஓர் ஓட்டம் ஓடும், முழம் ஒன்று. அவரை வகுப்புக்கு அழைத்து நாலு முழம் போடச் சொல்லுங்கள். அதே சரத்தை ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை தன் கையால் அளந்தால் ஐந்தும் சொச்சமும் வரும். யார் ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை வரும், வரட்டும். மீட்டர் ஸ்கேல் எதற்கு என்பது அந்தச் சண்டை முற்றும்போது விளங்கும். அம்மா தெலுங்கில் எண்ணினால் இன்னும் நல்லது. ஆறு இரண்டிலும் ஆறு, ஏழு ‘ஏடு’ ஆகும், எட்டு ‘எனிமிதி’ ஆகிவிடும். பிள்ளைகள் பட்டியல் போட அன்றைக்கு மொழிப் பாடமும் தயார்.

நம்பிக்கை: இது பழைய குலக்கல்விதானே?

உண்மை: கேட்க வேண்டிய கேள்வி. 1953-ல் ராஜாஜி அரசு தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பியது, 1954-ல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அப்போது பிள்ளையைத் தொழிலுக்கு அனுப்பினார்கள். இங்கே தொழில்தான் வகுப்புக்குள் வந்து, அளவைப் பாடம் நடத்திவிட்டு வீட்டுக்குப் போகிறது. முழம் போட்டுப் பார்ப்பது எல்லாப் பிள்ளைகளும்தான். பூக்காரம்மாவின் மகளை மட்டும் சரம் கட்ட உட்காரவைத்தால் அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும்.

நம்பிக்கை: பெற்றோரைக் கூப்பிடுவது கையெழுத்துக்குத்தான்.

உண்மை: 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவதும், மானியம் எதற்குச் செலவாகிறது என்று பார்ப்பதும் அவர்கள் வேலை. பூ வியாபாரம் மும்முரமான கிருத்திகை அன்றைக்குக் கூட்டம் வைத்துவிட்டு, பூக்காரம்மா வரவில்லை என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வதுதான் சரியில்லை.