இரவு பதினோரு மணி அழைப்பை யார் எடுப்பது?

தொண்டு நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் களைத்துப்போவதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "சேவைன்னு வந்துட்டா இதெல்லாம் பார்க்க முடியுமா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். பார்த்தே ஆகவேண்டும். 'பர்ன் அவுட்' என்ற இந்தக் களைப்பைப் பற்றி உளவியலில் எழுத ஆரம்பித்ததே சேவை செய்தவர்களைப் பார்த்துத்தான். ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ மையத்தில் பணியாற்றினார். அங்கே ஆர்வத்தோடு வந்த தன்னார்வலர்கள் காலப்போக்கில் சோர்ந்து ஒதுங்குவதைக் கவனித்து 1974ல் கட்டுரை எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019ல் ஏற்றுக்கொண்ட வகைப்பாட்டில் இது நோய்களோடு சேரவில்லை. வேலையிடத்து அழுத்தம் சரியாகக் கையாளப்படாததால் வரும் நிலை என்றே பதிவாகியிருக்கிறது. உங்களுக்கு இது வந்திருந்தால், உங்கள் மன உறுதியைச் சந்தேகிக்கும் முன் வேலை நடக்கும் விதத்தைப் பாருங்கள்.

அடையாளங்கள் மூன்று: தூங்கி எழுந்தாலும் தீராத அசதி, வேலைமீது வரும் கசப்பு, நாம் செய்வதால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்ற நினைப்பு. இவற்றில் கசப்பைத்தான் எல்லோரும் தவறவிடுகிறோம். உதாரணத்துக்கு, திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்பென்னாத்தூர் ஒன்றியத்தில் ஒரு மகளிர் குழுக் கூட்டம். வயல் வேலையும் நூறு நாள் வேலையும் முடிந்து, அடுப்புப் பற்றவைத்துவிட்டுப் பெண்கள் வந்து உட்கார ராத்திரி ஏழு மணி ஆகிவிடும். "பையன் ஒரு மாசமா ஸ்கூலுக்குப் போறதில்ல மேடம்" என்கிறார் ஒரு தாய். களப்பணியாளர் நிமிர்ந்து பார்க்காமல் பதிவேட்டில் 'இடைநிற்றல் – 1' என்று எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறார். போன வருடம் அந்தப் பையன் எந்த வகுப்பு, அவன் அப்பா எந்த ஊரில் வேலை செய்கிறார் என்பதெல்லாம் தெரிந்து வைத்திருந்தவர் அவர். உங்களுக்கோ உடன் வேலை செய்பவருக்கோ இப்படி நேர்ந்தால் ரெவ்யூ மீட்டிங் வரை காத்திருக்காதீர்கள். அந்த வாரமே பேசுங்கள்.

சென்னையில் எழுதப்படும் ஆலோசனைகள் 'ஆறு மணிக்கு மேல் போனை அணைத்துவிடுங்கள்' என்கின்றன. கீழ்பென்னாத்தூரில் அது நடக்காது. உங்கள் ஸ்கூட்டியை எல்லோருக்கும் தெரியும், ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் போனாலும் முதியோர் பென்ஷன் மனு என்னாச்சு என்று நிறுத்திக் கேட்பார்கள். முகூர்த்த மாதங்களில் அழைப்பு இரவு பதினோரு மணிக்கு வரும்: "அக்கா, காலைல கல்யாணமாம், பொண்ணு பத்தாவதுதான் படிக்குது." இதை எப்படி எடுக்காமல் இருப்பது?

எடுக்கவேண்டும். ஆனால் எல்லாவற்றையும் நீங்களே எடுக்கக்கூடாது. முதல் வேலையாக, ஒவ்வொரு குழுவிலும் இரண்டு மூன்று பெண்களுக்குக் குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181 ஆகிய உதவி எண்களை மனப்பாடமாக்கி, அவர்களையே ஒருமுறை அழைத்துப் பேச வையுங்கள். தகவல் சொல்ல உங்கள் ஒருவர் எண் மட்டுமே தெரிந்த ஊரில், உங்களுக்குக் காய்ச்சல் வந்த நாளில் அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்பு இல்லை. இரண்டாவது, அலுவலகத்துக்கென்று தனி சிம் வாங்கி வாரத்துக்கு ஒருவர் என்று மாற்றி வையுங்கள். மூன்றாவது, திருமணத்தை நிறுத்தத் தனியாகப் போகாதீர்கள். குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் என்ற அதிகாரம் மாவட்டச் சமூக நல அலுவலருக்கு இருக்கிறது; முன்னால் நிற்கவேண்டியது அவரும் காவல்துறையும்தான். அந்தக் குடும்பத்தின் கோபத்தை அதே சாலையில் தினமும் எதிர்கொள்ளப்போவது நீங்கள்.

அப்படி ஓர் இரவு கழிந்தால் மறுநாள் பாதி நாள் விடுப்பு தானாகக் கிடைக்கவேண்டும். கேட்டு வாங்குவதாக இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள், எனவே அதை அலுவலக விதியாக எழுதிவையுங்கள்.

கேட்ட துயரத்தை எங்கே இறக்குவது என்பதும் இருக்கிறது. தற்கொலை எண்ணத்தோடு பேசுபவர்களைக் கேட்க 1953ல் லண்டனில் தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பில், தன்னார்வலர்கள் பணி முடிந்ததும் அன்றைய அழைப்புகளைப் பொறுப்பாளரிடம் பேசிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார்கள். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகாவும் இப்படிக் காதுகொடுத்துக் கேட்கும் தன்னார்வலர்களால் நடப்பதுதான். கேட்டதைப் பேசி இறக்கிவிட்டுக் கிளம்பும் வழக்கத்தை நாமும் பிடித்துக்கொள்ளலாம், பத்து நிமிடம் போதும். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் மட்டும் வேண்டாம். பக்கத்து பெஞ்சில் இருப்பவர் அந்தப் பெண்ணின் சித்தப்பாவாக இருக்கலாம்.

இனி பணம். 2020ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியபோது நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. பெரிய நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டு நிதியைச் சிறிய நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பதும் தடைசெய்யப்பட்டது. சிறிய ஊர்களில் ஒருவரே களத்துக்கும் போய், கணக்கும் எழுதி, ஜியோடேக் போட்டோவும் ஏற்றிக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. ஆகவே புரபோசல் எழுதும்போதே பணியாளர் காப்பீடு, இரவுப் பயணச் செலவு, விடுப்பில் போகிறவருக்கு மாற்று ஆள் ஆகியவற்றைத் தனித்தனி வரியாகப் போடுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு இவற்றைச் சேர்ப்பது மிகவும் கடினம். பணத்தோடு பணியாளர் பாதுகாப்பையும் பாருங்கள்: பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு இருந்தாகவேண்டும். 2013ம் ஆண்டுச் சட்டம் தொண்டு நிறுவனங்களையும் டிரஸ்டுகளையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

விடுப்பை ஊரின் போக்குக்கு ஏற்பப் போடுங்கள். மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கும் நாட்களிலும் நடவு நாட்களிலும் கூட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள். தொடர்ந்து ஒரு வாரம் எடுக்க அதுதான் நேரம். பௌர்ணமியன்றும் தீபத் திருவிழா நாட்களிலும் கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலைப் பேருந்துகள் பிதுங்கும். அந்தத் தேதிகளில் அங்கே ரெவ்யூ மீட்டிங் வைக்காதீர்கள் என்று தலைமை அலுவலகத்துக்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதிக்கொடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் விடுப்பு மட்டும் போதாது. 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மனநல மருத்துவரைப் பாருங்கள். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தள்ளிப்போடாதீர்கள்.

இதற்கெல்லாம் பிறகும் விலகுவதென்று முடிவானால், குற்ற உணர்வோடு ஒரே நாளில் காணாமல் போகாதீர்கள். ஒரு மாதம் முன்பே எழுத்தில் சொல்லி, புதியவரைக் குழுக்களுக்கு நேரில் அழைத்துப்போய் அறிமுகப்படுத்துங்கள். பாதியில் நிற்கும் மனுக்களின் பட்டியலைக் கையில் கொடுங்கள். அனுபவச் சான்றிதழைக் கிளம்பும் நாளிலேயே வாங்கிவிடுங்கள். பி.எஃப். பிடித்திருந்தால் பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் அதே யு.ஏ.என். எண்ணை அடுத்த வேலையில் கொடுங்கள்.