டிஸ்க்கை மாற்றும் முன்

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ காரை விரட்டி ஓட்டிவிட்டுத் திரும்பும்போது பலருக்கும் இது நேர்கிறது. நெடுஞ்சாலையில் நூறில் போய்க்கொண்டிருக்கையில் லேசாகப் பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் கையில் படபடக்கும். மெக்கானிக்கிடம் காட்டினால், "டிஸ்க் பெண்ட் ஆயிடுச்சு சார், மாத்திடலாம்" என்பார். புது டிஸ்க் வரும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே படபடப்பும் வரும்.

டிஸ்க் உண்மையில் வளைவது அபூர்வம். அதன் தடிமன் சுற்றுவட்டத்தில் இடத்துக்கு இடம் மாறிப்போவதுதான் பெரும்பாலும் காரணம். 0.02 மில்லிமீட்டர் வித்தியாசமே கைக்குத் தெரிந்துவிடும். ஃபோர்டின் ஜிடி40 லெ மான் அணியில் பணியாற்றிய கேரல் ஸ்மித் இதைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார். ஆனாலும் 'பெண்ட்' என்ற பேச்சு போகவில்லை. அந்தப் பேச்சால் காரணத்தை யாரும் தேடுவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

வேகத்துக்கென்று செய்த காரில் இது வெறும் நடுக்கத்தோடு நிற்பதில்லை. பிரேக்கை முழுக்க விடாமலே வளைவுக்குள் நுழைகிறோம். அந்த நேரத்தில் இடது சக்கரம் வலதைவிடக் கூடுதலாகப் பிடித்தால், இடது வளைவில் கார் தேவைக்கு மேல் திரும்பிப் பின்பக்கம் நழுவப் பார்க்கும். வலது வளைவில் திரும்ப மறுத்து வெளியே ஓடும். ஒரே கார், வளைவுக்கு வளைவு வேறு குணம்.

செய்ய வேண்டியவை

அளந்து பாருங்கள். டிஸ்க்கின் வெளி விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே மைக்ரோமீட்டரை வைத்து, சுற்றிலும் எட்டு இடங்களில் அளந்து தாளில் குறியுங்கள். வெர்னியர் வேண்டாம். பேட் படாத ஓரம் தேயாமல் மேடாக நிற்கும். வெர்னியரின் தாடை அந்த மேட்டில் உட்கார்ந்து, இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். எட்டில் ஒன்று அதற்குக் கீழே இருந்தாலும் அந்த டிஸ்க்கின் ஆயுள் முடிந்தது.

புது டிஸ்க் போடும்போது ஹப்பைத் தேய்த்துச் சுத்தமாக்குங்கள். இந்த வேலையைத்தான் அதிகம் பேர் தவிர்க்கிறார்கள். ஹப்பின் முகத்தில் ஒரு சிறு துருப் பொருக்கு இருந்தால் போதும், டிஸ்க் இம்மியளவு சாய்ந்து உட்காரும். பிரேக்கை மிதிக்காமல் ஓடும்போதும் சாய்ந்த பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசிப் போகும். உரசும் இடம் மட்டும் மெல்ல மெல்லத் தேயும். முதல் நாள் வெண்ணெய் மாதிரி நின்ற கார் சில மாதங்களில் படபடப்பதற்கு இதுவே காரணம். பழி மட்டும் டிஸ்க் கம்பெனிக்கு. கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் கொண்டு துருவை எடுத்துவிட்டு, வீல் நட்டுகளால் டிஸ்க்கை இறுக்கி, டயல் கேஜ் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பல கார்களில் 0.05 மில்லிமீட்டருக்குள் ஆட்டம் இருந்தால் நல்லது. உங்கள் காரின் சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

உள் பேடையும் வெளிப் பேடையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒற்றைப் பக்கப் பிஸ்டன் உள்ள காலிப்பரில் உள் பேட் மட்டும் தேய்ந்திருந்தால் ஸ்லைட் பின் இறுகியிருக்கலாம், பிஸ்டனும் ஒட்டியிருக்கலாம். பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் சிலிகான் கிரீஸ் இடுங்கள். கைக்குக் கிடைத்த சாதாரண கிரீஸைப் பூசினால் ரப்பர் ஊதி, பின் முன்னைவிட மோசமாக இறுகும்.

புது டிஸ்க்கையும் பேடையும் பழக்குங்கள். காலியான, பாதுகாப்பான சாலையில் எண்பதிலிருந்து இருபதுக்கு, உறுதியாக, ஆனால் முழுதாக நிறுத்தாமல், பல முறை வேகம் குறையுங்கள். பிறகு பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். பேடின் மெல்லிய படலம் டிஸ்க் முழுக்கச் சமமாகப் படிவதற்குத்தான் இவ்வளவும். பேட் கம்பெனி வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

செய்யக்கூடாதவை

ட்ராக்கில் ஓட்டிவிட்டு வந்து பிரேக்கை மிதித்தபடி நிற்காதீர்கள், ஹேண்ட் பிரேக்கும் போடாதீர்கள். கொதிக்கும் டிஸ்க்கில் பேடின் அச்சு அப்படியே பதிந்துவிடும். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி ஆறவிட்டு, கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

நீலம் பாரித்த டிஸ்க்கை லேத்தில் கடைந்து மீட்டுவிடலாம் என்று நம்பாதீர்கள். பேட் கூடுதலாகப் படிந்த இடம் அதிகம் சூடாகும். சூடு 650, 700 டிகிரியை எட்டினால் அந்த இடத்து வார்ப்பிரும்பு சிமென்டைட் என்ற கடினப் பொருளாக மாறும். அது மேற்பரப்போடு நிற்காமல் உள்ளேயும் இறங்கியிருக்கும். கடைந்த பிறகு சுற்றியுள்ள இரும்பு தேயும், இது தேயாது. திட்டு மறுபடி மேடாகும். அப்படிப்பட்ட டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும்.

ஏர் கன்னால் வீல் நட்டை முடுக்க விடாதீர்கள். ஒரு நட்டு அதிகமாகவும் பக்கத்து நட்டு குறைவாகவும் இறுகினால் டிஸ்க்கின் நடுப்பகுதி கோணும். டார்க் ரெஞ்ச், எதிரெதிர் நட்டாக, மேனுவலில் உள்ள அளவில்.

அழகுக்காகச் சக்கரத்தை வெளியே தள்ளாதீர்கள். ஸ்டியரிங் அச்சுக்கோடு தரையைத் தொடும் புள்ளி டயரின் நடுவுக்கு வெளியே விழும்படி பல கார்களை வடிவமைத்திருக்கிறார்கள். 1972-ல் வந்த ஆடி 80 இதற்குப் பெயர் பெற்றது. ஒரு பக்கப் பிரேக் கூடுதலாகப் பிடித்தாலும் சக்கரம் தானே எதிர்ப்பக்கம் திரும்பிக் காரை நேராக வைக்கும். ஸ்பேசரும் ஆஃப்செட் மாறிய அலாய் வீலும் அந்தக் காப்பைக் குறைத்துவிடும். அதுவரை வெளியே தெரியாத பிரேக் ஏற்றத்தாழ்வு ஸ்டியரிங்கை இழுக்கத் தொடங்கும்.

ஒரு பக்க டிஸ்க்கை மட்டும் மாற்றாதீர்கள். உள்ளே வளைந்த காற்றுத் துடுப்புகள் உள்ள டிஸ்க்கை இடம் வலம் மாற்றிப் போடாதீர்கள். சுழலும் திசைக்குப் பின்புறமாகத் துடுப்பு சாய்ந்திருக்க வேண்டும். மேலே தெரியும் கீறல்களைப் பார்த்துத் திசையை முடிவு செய்பவர்கள் பலர். மாற்றிப் போட்டால் காற்றோட்டம் குறைந்து டிஸ்க் ஆறாது.

ஒரு முன் பிரேக் கூடுதலாகத் தேய்ந்தால் உடனே காலிப்பர் மேல் பழி போடாதீர்கள். ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ், ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ போன்ற கார்களில் எக்ஸ்டிஎஸ் என்ற ஏற்பாடு உண்டு. வளைவில் உள்பக்க முன் சக்கரத்தை அதுவே பிரேக் பிடிக்கும். வலது வளைவுகள் அதிகமுள்ள ட்ராக்கில் ஒரு நாள் ஓட்டினால் வலது முன் டிஸ்க் கூடுதல் சூடு வாங்கும். ஸ்லைட் பின் சரளமாக நகர்ந்து, பிஸ்டன் தடையின்றி உள்ளே போனால் காலிப்பரில் குறை இல்லை.

கார்பன் செராமிக் டிஸ்க்கை மட்டும் மைக்ரோமீட்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள். தடிமன் பெரிதாக மாறாமலே சூட்டில் உள்ளிருக்கும் கார்பன் எரிந்து டிஸ்க்கின் எடை குறையும். போர்ஷேயின் இவ்வகை டிஸ்க்கின் நடுப்பகுதியில் குறைந்தபட்ச எடை பொறிக்கப்பட்டிருக்கும். கழற்றி, தூசி துடைத்து, துல்லியமான தராசில் வைத்து அந்த எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.