கராஜுக்கு மேல் ஓர் அறை



தம்பி, மார்க்கம் வீட்டுக் கராஜுக்கும் அதற்கு மேலுள்ள படுக்கையறைக்கும் நீர் எழுதிய வேலைத்திட்டத்தை வாசித்தேன். தரைக்கு ஆர்-31, சுவருக்கு ஆர்-22, கராஜ் கதவுக்கு ஆர்-16 என்று பக்கம் முழுக்கக் குளிர்காப்பு எண்கள். காற்று எந்த இடுக்கால் நுழைகிறது என்று ஒரு வரி இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குளிர்காப்புப் பஞ்சு குளிரைத் தடுப்பது தனக்குள் அசையாமல் நிற்கும் காற்றால்தான். அதற்குள்ளால் காற்று ஓடினால் உம்முடைய எண் பெட்டியில் அச்சடித்த எண்ணாகவே கிடக்கும். 1977இல் ரெஜைனாவில் கட்டிய சஸ்காச்சுவான் கன்சர்வேஷன் ஹவுஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆர்-40 சுவரையும் ஆர்-60 கூரையையும் சொல்லிவிட்டுப் போவார்கள். பொலித்தீன் தாளால் வீட்டையே காற்றுப் புகாமல் சுற்றியதுதான் அதைக் கட்டியவர்களுடைய கெட்டித்தனம். இதை நான் சொல்லத் தொடங்கினால் என் மனைவி எழும்பிப் போய்விடுவாள். நீர் இருந்து கேளும்.

கராஜில் இது குளிரோடு முடிகிற விஷயமும் அல்ல. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தரையைத் தாங்கும் ஜொயிஸ்ட் முனைகளில் இருக்கும் இடுக்குகளால் அது மேலே படுத்திருக்கிற பிள்ளையிடம் போகும். வீட்டுக்கும் கராஜுக்கும் நடுவில் வாயு புகாத தடுப்பு வேண்டும், இடைக்கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும் என்று ஒன்ராறியோ கட்டட விதி கேட்பது சும்மா இல்லை.

அடுத்தது, பஞ்சைக் கீழே கராஜ் கூரையின் ட்ரைவோலில் படுக்கவைத்துவிட்டு, அதற்கும் மேல் தரைப்பலகைக்கும் நடுவில் வெற்றிடம் விட்டிருக்கிறீர். ஓரப் பலகைகளையும் அடைக்கவில்லை. தை மாதக் காற்று அதற்குள் தாராளமாக நடமாடும். ஆர்-31 கீழே சும்மா படுத்திருக்கும். சூடாக்கிக் குழாய் ஓடுகிற இடம் தவிர மற்ற எங்கும் பஞ்சு தரைப்பலகையின் அடியைத் தொட்டுக்கொண்டு நிற்கட்டும்.

ஸ்காபரோவில் நான் கையாளாக வேலைக்குப் போன காலத்தில் எங்களுக்குத் தலைவராக ஒரு போர்த்துக்கீசக் கிழவர் இருந்தார். இடுக்கைக் கண்டுபிடிக்க, காற்றடிக்கிற நாளாகப் பார்த்து, சிகரெட்டைப் பற்றவைத்துச் சுவர் ஓரமாகப் பிடிப்பார். புகை சாய்கிற இடத்தில் சோக்கால் ஒரு கோடு. நான் சிகரெட் தொடுவதில்லை. ஜெரார்ட் வீதியில் வாங்கின ஊதுபத்தி இப்போதும் என் கருவிப்பெட்டியில் கிடக்கிறது. நான் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்து வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றதும் உண்டு. உம்மிடம் காற்றுக் கசிவை அளக்கும் புளோவர் டோரே இருக்கிறது. ஏன் அது வானுக்குள் கிடக்கிறது?

ஆனால் அந்தச் சூடாக்கிக் குழாயின் படம்! பஞ்சுக்கு மேலே, வீட்டின் சூட்டுப் பக்கமாகக் குழாயைக் கொண்டுபோய், மூட்டுக்கு மூட்டு மாஸ்டிக் பசை பூசச் சொல்லியிருக்கிறீர். இவ்வளவு துப்புரவான படத்தை இந்தத் தொழிலில் நான் கண்டதில்லை. பொறாமையாகக்கூட இருந்தது.

சூடாக்கியே இல்லாத கராஜுக்கு ஆர்-16 கதவு எதற்கு? அந்தக் காசை ஓரப் பலகைகளுக்கு ஸ்ப்ரே ஃபோம் அடிக்கவும், மேலறை வாசலில் ஒரு கார்பன் மொனொக்சைட் அலாரம் பூட்டவும் போடும். திருத்தி எழுதும்வரை வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்காதேயும்.