டீ கெண்டி: பழையதா, புதியதா? அபிராமத்து வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அபிராமத்தில் டீ என்றால் கடை டீதான் முதலில் நினைவுக்கு வரும். பாய்லரில் வெந்நீர் கொதிக்கும், துணி வடிகட்டியில் தூள் ஊறும், டிகாஷனோடு பாலும் சீனியும் சேர்த்து உயர ஆற்றி நுரையோடு தருவார்கள். வீட்டிலோ பாலையும் தண்ணீரையும் தூளையும் ஒரே சட்டியில் கொதிக்கவிட்டு வடிகட்டுகிறோம். இரண்டு முறையும் ருசிதான். ஆனால் இரண்டிலும் இலையின் மணத்தில் ஒரு பங்கு ஆவியோடு போய்விடுகிறது. மூக்கும் மூடியும் கைப்பிடியும் உள்ள டீ பாட் அந்த மணத்தைப் பிடித்து வைக்கிறது. அதை இந்தக் கட்டுரை முழுவதும் கெண்டி என்றே எழுதுகிறேன்.

கெண்டியில் டீ போடுவதை இந்தியர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு காலத்தில் பெரிய முயற்சி நடந்தது. 1903இல் தேயிலைக்கு ஒரு தீர்வை விதித்து, அந்தப் பணத்தில் பிரசாரம் செய்தார்கள். 1930களில் ஊர் ஊராகப் போய் டீ போட்டுக் காட்டினார்கள், பல மொழிகளில் சுவரொட்டி ஒட்டினார்கள். மக்கள் தேயிலையை ஏற்றுக்கொண்டார்கள்; கெண்டியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். அப்போது விட்டதை இப்போது எடுத்துப் பழக நினைப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி.

படி 1: எந்த டீ என்று முடிவு செய்யுங்கள்

நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் சிடிசி தூள். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கும் இந்த முறை 1930களின் தொடக்கத்தில் அசாமில் வந்தது. சீக்கிரம் நிறம் இறங்கும், பாலுக்கு ஈடுகொடுக்கும். குருணை பொடியாக இருப்பதால் கெண்டியின் மூக்குத் துவாரங்களை அடைத்துக்கொள்ளும். இதற்குத் துணி வடிகட்டியோ மெல்லிய கம்பிவலைக் கூடையோ அவசியம்.

சுருண்ட முழு இலையாகவோ உடைந்த இலையாகவோ வரும் ஆர்தடாக்ஸ் தேயிலைதான் கெண்டிக்குப் பொருத்தமானது. நீலகிரி இலையும் இலங்கை இலையும் நல்ல தொடக்கம். சட்டியில் பாலோடு கொதிக்க வைத்தால் இவற்றுக்குக் கொடுத்த காசு வீண்.

தேயிலையோடு நம் ராமநாதபுரம் கடற்கரைக்கு உள்ள உறவு ஆழமானது. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் எடுத்த காலத்தில் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் கப்பல் ஏற்றினார்கள். 1964இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஒப்புக்கொண்டது. அன்று கப்பல் ஏறிய தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேசுவரம் வந்து, அதே மண்டபம் முகாமில் தங்கினார்கள். அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசுத் திட்டமாகத் தொடங்கி, 1976இல் கழகமானதுதான் டான்டீ. டான்டீ பொட்டலத்தை எங்கு பார்த்தாலும் வாங்கிக் குடித்துப் பாருங்கள். அதில் நம் கரையைக் கடந்துபோய்த் திரும்பி வந்தவர்களின் உழைப்பு இருக்கிறது.

படி 2: தண்ணீரைச் சரிசெய்யுங்கள்

வெளியூர்க்காரர்கள் எழுதும் டீ குறிப்புகளில் இந்தப் படிக்கு ஒரு வரிகூட இருக்காது. ராமநாதபுரம் மாவட்டத்தில் இதுதான் முக்கியமான படி. நூறு ரூபாய் கெண்டியா, ஐயாயிரம் ரூபாய் கெண்டியா என்பதைவிட, உள்ளே ஊற்றும் தண்ணீர்தான் ருசியை முடிவு செய்கிறது.

நம் ஆழ்குழாய்த் தண்ணீரில் இரண்டு வகைக் குறை உண்டு. ஒன்று கடினத்தன்மை. அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து தேயிலைச் சாற்றோடு சேர்ந்து டீயின் மேல் பழுப்பு ஏடு கட்டும். நிறம் மங்கும், மணம் எழும்பாது. இன்னொன்று உவர்ப்பு. முதல் குறையை ஓரளவு வீட்டிலேயே தீர்க்கலாம். தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அடியில் வெள்ளையாகப் படிவதை அசைக்காமல் மேல் தண்ணீரை மட்டும் இறுத்து, மறுபடி கொதிக்க வைத்தால் ஒரு பகுதிக் கடினம் போய்விடும். உவர்ப்பு கொதித்தால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். அந்தத் தண்ணீரை டீக்கு எடுக்கவே வேண்டாம்.

காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் டீக்கென்று ஒரு குடம் தனியாகப் பிடித்து வையுங்கள். குளோரின் வாசம் அடித்தால் மூடாமல் சில மணி நேரம் வைத்தால் குறையும். கேன் தண்ணீரும் பழுதில்லை. எல்லாவற்றையும்விட நல்லது மழைநீர். 2003இல் மழைநீர் சேகரிப்பு தமிழ்நாடு முழுவதும் கட்டாயமானபோது கட்டிய தொட்டிகள் பல வீடுகளில் சும்மா கிடக்கின்றன. முதல் மழையில் கூரை கழுவிப் போகட்டும். அடுத்த மழையைச் சுத்தமாகப் பிடித்து, வடிகட்டிக் கொதிக்க வைத்து டீ போட்டுப் பாருங்கள். அதே தூளில் இவ்வளவு பளிச்சென்ற நிறம் வரும் என்று நம்பமாட்டீர்கள்.

வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ஒரே தூள், ஒரே அளவு, ஒரே நேரம் வைத்து ஒரு தம்ளர் ஆழ்குழாய்த் தண்ணீரிலும் ஒரு தம்ளர் கேன் தண்ணீரிலும் போட்டு, பால் சேர்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

படி 3: வீட்டில் இருக்கும் பழைய கெண்டிகளைச் சோதியுங்கள்

மலேயா, சிங்கப்பூர், பர்மா, கொழும்பு என்று போய்வந்தவர்கள் இருக்கும் வீடுகளில் கண்ணாடி அலமாரிக்குள் ஒரு பீங்கான் செட் இருக்கும். அதை இறக்குங்கள். விரல் நகத்தால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்று கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். உட்புறம் வெள்ளையாக, வழவழப்பாக இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். உட்புறத்திலும் வண்ணம் தீட்டியிருந்தாலோ, மெருகு உரிந்திருந்தாலோ அலமாரியிலேயே இருக்கட்டும். பழைய மெருகுகள் சிலவற்றில் காரீயம் உண்டு. எலுமிச்சை சேர்த்த டீ அதை இழுத்துவிடும்.

பித்தளை, செம்புக் கெண்டிகள் அழகானவை. உள்ளே வெள்ளீயம் பூசியிருந்தால் மட்டும் டீ போடுங்கள். பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தால் களிம்பு ஏறும். ஈயம் பூசுபவரிடம் கொடுக்கும்போது காரீயம் கலக்காத சுத்த வெள்ளீயம்தானா என்று வாய்விட்டுக் கேளுங்கள். காஷ்மீரத்துச் சமோவார்களும் உள்ளே வெள்ளீயம் பூசிய செம்புதான்.

எனாமல் கேத்தல்கள், குறிப்பாக இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களில் சாயத்தண்ணி (பால் சேர்க்காத டீ) போட்டுப் பழகியவை, பூச்சு முழுசாக இருக்கும்வரை நல்லவை. ஓரிடத்தில் பெயர்ந்தால் அடியிலிருக்கும் இரும்பு டீயோடு சேர்ந்து கறுக்கும், ருசி கெடும். அலுமினியக் கேத்தல் தண்ணீர் கொதிக்க வைக்கப் போதும்; எலுமிச்சை டீயை அதில் நிறுத்தி வைக்காதீர்கள்.

பீங்கானா உலோகமா என்ற வழக்கு பழையது. பீகாரின் மோதிஹாரியில் பிறந்த எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் நல்ல டீக்கு 11 விதிகள் எழுதினார். பீங்கான் அல்லது மண் கெண்டிதான் சரி, வெள்ளியில் ருசி குறையும், எனாமலில் இன்னும் மோசம் என்பது அவர் கட்சி. பீங்கான் விஷயத்தில் நான் அவர் பக்கம். எனாமலை அவ்வளவு இழிவாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மண் கெண்டி என்றதும் அடுத்த மாவட்டத்து மானாமதுரை நினைவுக்கு வரும். கடம் செய்யப் பேர்பெற்ற அந்த மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் மெருகு பூசாத நம் மண்பானை கசியும். தண்ணீரைக் குளிரவைப்பது அந்தக் கசிவுதான். டீ சூடாக இருக்க வேண்டும் என்பதால் அந்தக் குணமே இங்கே குறையாகிறது. டீ வாசத்தையும் மண் குடித்துக்கொள்ளும். சீனாவின் யீஷிங் களிமண் கெண்டிகளும் மெருகு பூசாதவையே. அவை மிகவும் கெட்டியாகச் சுட்டவை. ஒரு கெண்டிக்கு ஒரே வகை டீ என்று விரதம் போலப் பிடிப்பவர்களுக்கானவை. போலிகள் ஏராளம். புதிதாகத் தொடங்குபவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

படி 4: புதிதாக வாங்குவதானால்

போரோசிலிகேட் கண்ணாடிக் கெண்டி இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. நிறம் இறங்குவது கண்ணுக்குத் தெரிவதால் பழகுவதற்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை. சூடு சீக்கிரம் போய்விடும், அது ஒன்றுதான் குறை. உள்ளிருக்கும் கம்பிவலைக் கூடை ஆழமாக இருக்கிறதா பாருங்கள். கூடை மேலேயே நின்றால் பாதி அளவு டீ போடும்போது இலைக்குத் தண்ணீர் எட்டாது.

ஜப்பானிய பாணி வார்ப்பிரும்புக் கெண்டிகள் சூட்டை நன்றாகப் பிடிக்கும். உள்ளே எனாமல் பூசியவற்றை அடுப்பில் ஏற்றக் கூடாது.

எதை வாங்கினாலும் கடையிலேயே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மூக்கின் நுனி கெண்டியின் விளிம்பு உயரத்துக்காவது இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் நிரம்பும் முன்பே மூக்கு வழியே வழியும். ஊற்றி நிறுத்தும்போது மூக்கின் அடியில் சொட்டு ஓடக் கூடாது. சாய்த்தால் மூடி விழக் கூடாது. கைப்பிடிக்குள் விரல்கள் கெண்டியைத் தொடாமல் நுழைய வேண்டும். வீட்டில் நாலு பேர் என்றால் 600 மி.லி. போதும். பெரிய கெண்டியில் கொஞ்சமாகப் போட்டால் ஆறிப்போகும்.

படி 5: டீ போடுங்கள்

கொதிக்கும் வெந்நீரைக் கொஞ்சம் ஊற்றிக் கெண்டியைச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள். குளிர்ந்த பீங்கான் தண்ணீரின் சூட்டை உறிஞ்சிவிடும். இந்த வேலையைத் தவிர்க்காதீர்கள்.

100 மி.லி. தண்ணீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம் என்பது ஐஎஸ்ஓ 3103 என்ற உலகத் தரம். அது தேயிலையை ருசி பார்த்துத் தரம் பிரிப்பவர்களுக்கானது. குறை தெரிய வேண்டுமென்றே கடுமையாக ஊறவிடுகிறார்கள். வீட்டுக்கு 150 மி.லி.க்கு 2 முதல் 2.5 கிராம் போதும், சுமார் ஒரு தேக்கரண்டி. தண்ணீர் தளதளவென்று கொதித்த உடனே ஊற்றி மூடுங்கள். சிடிசிக்கு 3 நிமிடம், இலைக்கு 4 முதல் 5 நிமிடம். பச்சைத் தேயிலைக்கு மட்டும் தண்ணீரை 80 டிகிரிக்கு ஆறவிட்டு, 2 நிமிடத்தில் இறக்குங்கள்.

நேரம் முடிந்ததும் இலையை வெளியே எடுத்துவிடுங்கள், அல்லது முழுவதையும் வேறொரு சூடான பாத்திரத்துக்கு வடித்துவிடுங்கள். கெண்டி டீ கசக்கிறது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் இலையை உள்ளேயே விட்டவர்கள். நோன்பு மாதத்தில் சஹர் நேரத்துக்கு ஃபிளாஸ்கில் நிறைத்து வைப்பதானாலும் வடித்த டீயைத்தான் ஊற்ற வேண்டும். பாலைத் தனியே வையுங்கள்.

பாலைச் சூடாக்கித் தம்ளரில் சேர்த்தால் போதும். கருப்பட்டி போடுபவர்கள் பாலோடு சேர்த்துக் கொதிக்க விடாதீர்கள், திரிந்துவிடலாம். ஏலம், சுக்கு தட்டிப்போட விருப்பமானால் பீங்கானோ கண்ணாடியோ பயன்படுத்துங்கள். கழுவினால் வாசம் போய்விடும். கெண்டியைச் சுற்றி மடித்த துண்டைப் போர்த்தினால் இரண்டாவது தம்ளரும் சூடாகக் கிடைக்கும்.

படி 6: கழுவுதல்

டீக் கறைக்கு ஆப்ப சோடாவை ஈரத்துணியில் தொட்டுத் தேயுங்கள். நம் தண்ணீரால் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்புக்கு எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரை ஊற்றிக் கொதிக்க வைத்து, ஊறவிட்டுக் கழுவினால் உதிர்ந்துவிடும். புளி பித்தளையின் வெளிப்புறத்துக்கு மட்டும். மூக்குக்குள் சின்ன பிரஷ் விடுங்கள். மூடியைத் திறந்து கவிழ்த்துக் காயவையுங்கள். ஈரத்தோடு மூடினால் முடை நாற்றம் வரும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை இதுதான்: உள்ளே வெள்ளையான, 600 மி.லி. பீங்கான் கெண்டி ஒன்று, டீக்கடைகளில் பயன்படுத்தும் துணி வடிகட்டி ஒன்று, நூறு கிராம் நீலகிரி ஆர்தடாக்ஸ் இலை. அலங்காரக் கெண்டிக்குச் செலவழிக்க நினைத்த மிச்சப் பணத்தில் மழைநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யுங்கள்.