வரைபடத்தில் கை வைக்காதீர்கள்

ஓர் ஆசிரியருக்கு ரசிகர்கள் செய்யக்கூடிய மரியாதைகளில் தலையாயது, அவருடைய சிருஷ்டியை அவர் படைத்த உருவிலேயே அனுபவிப்பது என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் அவருக்கு ஞாபகார்த்தமாக ஏதாவது செய்யலாமென்று நாலு பேர் கூடிவிட்டால் முதலில் காற்றில் பறப்பது இந்தக் கொள்கைதான் என்பதை நான் அனுபவத்தில் கண்டேன். ஜெனெல் ஜேக்வேஸ் 2024 ஜனவரி 10-ஆம் தேதி காலமான பிறகு, இல்லினாய் மாநிலத்தில் எங்கள் ஊரில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதையாக ஆடும் மேசை விளையாட்டை ஆடுகிற சிறு கோஷ்டி ஒன்று, அதற்காக அவர் எழுதிய ‘கேவர்ன்ஸ் ஆஃப் திரேசியா’ என்ற சாகசத்தை மேசையில் வைத்து ஆடி அவரைக் கொண்டாடத் தீர்மானித்தது. அதில் நான் பட்ட பாடு, இப்படி ஒரு காரியத்தில் இறங்க உத்தேசித்திருக்கும் உங்களுக்காவது உபயோகப்படட்டும்.

ஜேக்வேஸ் யாரென்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மிச்சிகனில் கல்லூரி மாணவியாக இருந்தபோதே 1976-இல் ‘டன்ஜனியர்’ என்ற சிறு பத்திரிகையைத் தொடங்கி, எழுத்து, சித்திரம் இரண்டிலும் கை வைத்தவர்; எங்கள் மாநிலத்து டெகட்டூர் நகரிலிருந்த ஜட்ஜஸ் கில்ட் ஸ்தாபனத்துக்காக 1979-இல் திரேசியாவையும், ‘டார்க் டவர்’ என்ற இன்னொரு சாகசத்தையும் எழுதியவர்; 1981-இல் வேறிருவருடன் சேர்ந்து ‘கிரிஃபின் மவுன்டன்’ என்ற சாகசத்தைப் படைத்தவர்; பிற்காலத்தில் ‘க்வேக் 2’ போன்ற கணினி விளையாட்டுகளுக்குத் தளங்கள் வகுத்தவர்.

திரேசியாவின் மகத்துவம் அதன் வரைபடத்தில் இருக்கிறது. மேலே இடிபாடுகள், கீழே அடுக்கடுக்காகக் குகைகள். பூர்வத்தில் பல்லியின மக்கள் ஆண்ட இடத்தை மனிதர்கள் கைப்பற்றி நகரமாக்க, அவர்களையும் வீழ்த்தி மிருக முகம் கொண்டவர்கள் குடியேறியிருக்க, ஒரு புறம் மரண தேவனாகிய தனடோஸை வழிபடும் கூட்டமொன்று பதுங்கியிருக்கும். இந்தச் சரித்திரத்தை, ஆட்டத்தை நடத்தும் நடுவர் பிரசங்கமாகச் சொல்லவேண்டியதில்லை. சுவர்களையும் சிலைகளையும் பார்த்து ஆட்டக்காரர்களே ஊகித்துக்கொள்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே இறங்க ஒன்றுக்கு மேற்பட்ட வாயில்களும், ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குப் பல படிகளும், ரகசிய வழிகளும், சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் பாதைகளும் உண்டு. எவ்வழி செல்வதென்று தீர்மானிக்கும் சுதந்திரம் ஆட்டக்காரருக்கே. பிற்காலத்து விமரிசகர் ஒருவர் இத்தகைய அமைப்புக்கு ஜேக்வேஸின் குடும்பப் பெயரையே சூட்டி எழுதினார் என்றால், அவர் கை எவ்வளவு தனித்துவமானது என்று பாருங்கள்.

இந்த வரைபடத்தைத்தான் எங்கள் ஏற்பாட்டாளர் ஒருவர் கத்தரித்துவிட்டார். அவர் பெரிய கம்பெனியில் திட்ட நிர்வாகம் பார்ப்பவர். எதற்கும் ஆரம்பம், நடு, முடிவு இருக்கவேண்டுமென்பது அவருடைய சித்தாந்தம். நூலகத்தில் எங்களுக்கு விட்ட அறை நாலு மணி நேரத்துக்குத்தான் என்பதையும், வந்தவர்கள் கதை முடியாமல் எழுந்து போனால் மனத்தாங்கல் ஏற்படும் என்பதையும் எடுத்துக் காட்டி, ஒரே வாயில், ஒரே பாதை, அதன் கோடியில் காளைத் தலை அரசனுடன் ஒரு யுத்தம் என்று கதையை நேராக்கிவிட்டார். இதைச் செய்தால் ஜேக்வேஸின் பெயர் மட்டுமே மிஞ்சும், ஜேக்வேஸ் மிஞ்சமாட்டார் என்று நான் அன்றே சொன்னேன்; கைதூக்கிப் பார்த்ததில் தோற்றேன். எல்லாம் அவர் சொன்ன நேரத்தில், சொன்ன ஒழுங்கில் நடந்து முடிந்தது. வரைபடம் வரையும் பொறுப்பை ஏற்றிருந்த ஓர் இளைஞர், கட்டம் போட்ட தாளும் சீவிய பென்சிலுமாக ஆசையோடு வந்தவர், ஒரு நேர்க்கோடும் நாலைந்து பெட்டிகளும் போட்டபின் வரைவதற்கு வேறொன்றும் இல்லாமல் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். புறப்படும்போது அவர், “இதற்கா இவ்வளவு புகழ்?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. கண்டனத்துக்கு ஆளானது கத்தரித்தவரல்ல, ஜேக்வேஸ்! அந்த அநியாயத்தை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

பிறகு என் வீட்டிலேயே, மூல வரைபடத்தில் ஒரு கோடும் குறைக்காமல், அதே இளைஞரையும் அழைத்து ஆடவைத்தேன். நேரப் பிரச்சினைக்கு நான் கண்ட பரிகாரம் இதுதான்: இடத்தைக் குறைக்காதீர்கள், இலட்சியத்தைக் குறையுங்கள். அரசனைக் கொல்லவேண்டாம், காணாமற்போன ஒருவனை முதல் தளத்திலிருந்து மீட்டு வந்தால் போதும் என்றேன். முன்வழியில் காவலர்கள் இருப்பதறிந்து ஆட்டக்காரர்கள் சண்டையிடாமல் வெளியே திரும்பி, இடிபாடுகளைத் துழாவி வேறொரு வாயிலைக் கண்டுபிடித்து இறங்கினார்கள். இளைஞர் வரைந்துகொண்டே வந்தார். ஒரு திருப்பத்தில் அவருடைய பென்சில் கோடு, முன்பு வரைந்து வைத்திருந்த காவலர் அறையின் பின்சுவரில் போய் முட்டிற்று. அவர் தலைநிமிர்ந்து, “நாம் இவர்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறோம்!” என்று கூவினார். ஜேக்வேஸைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த பாராட்டுரையை அன்று வாசிக்கவே இல்லை. வாசிக்க அவசியமும் நேரவில்லை.

மற்ற யோசனைகளைச் சுருக்கிச் சொல்கிறேன். மேசை பெரிதாக இருக்கட்டும். ஆறு பேர் அமரக்கூடியதாக இருந்தால் நல்லது. பழைய பதிப்புகளின் அட்டையில் ஜேக்வேஸுக்கு வேறொரு பெயர் அச்சாகியிருப்பதைக் காட்டி, சரித்திர சுத்தம் என்ற போர்வையில் அதையே அறிவிப்பில் போட ஒருவர் பிடிவாதம் செய்தார். தாம் பெண் என்பதை ஜேக்வேஸ் 2011-இல் பகிரங்கமாக அறிவித்து, ஜெனெல் என்றே வாழ்ந்தவர். கௌரவிக்க அழைத்துவிட்டு அவர் விரும்பாத பெயரால் கூப்பிடுவது என்ன கௌரவம்? பேச வருகிறவர்களிடம் “மேதை”, “முன்னோடி” என்ற பட்டங்களுக்குத் தடை விதித்து, எந்த அறை, எந்தப் படிக்கட்டு, எந்தச் சிலை உங்களைப் பிடித்திழுத்தது என்று மட்டும் கேளுங்கள். பதில் இல்லாதவர்கள் புத்தகத்தைப் படிக்காதவர்கள் என்பது உடனே தெரிந்துவிடும். பாராட்டுக்குப் பணமும் ஒரு பாஷைதான்: 2023-இல் ஜேக்வேஸ் கில்லன்-பாரே நோயால் முடங்கியபோது சிகிச்சைச் செலவுக்கு ரசிகர்கள் நிதி திரட்டினார்களே, அந்த உதவிக்கு எந்தக் கூட்டமும் ஈடாகாது.

கடைசியாக ஒன்று. குழுவில் நிர்வாகத் திறமை வாய்ந்தவர் இருந்தால் அவரை அவமதிக்காதீர்கள். நாற்காலி, சிற்றுண்டி, வரவேற்பு எல்லாவற்றையும் அவரிடமே ஒப்படையுங்கள். வரைபடத்தை மட்டும் உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.