பஃபேவுக்குப் பயப்படுங்கள்

பாங்காக், பினாங்கு, ஹனோய் என்று யார் டிக்கெட் எடுத்தாலும் முதலில் வந்து சேரும் இலவச ஆலோசனை ஒன்றுதான்: "தெருக்கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே. ஓட்டல் பஃபேயில் சாப்பிடு, வயிறு தப்பும்." பெரியப்பா சொல்கிறார், டூர் ஏற்பாட்டாளர் சொல்கிறார், ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்க்கிறவர்களும் சொல்கிறார்கள். உணவு நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற ஆள் நான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆகவே இந்த முறை பாதிக்கு மேல் இடம் இதற்கே.

நம்பிக்கை: தெருக்கடை ஆபத்து, ஓட்டல் பஃபே பத்திரம்.

உண்மை: கிருமி ஓட்டலின் நட்சத்திரங்களை எண்ணிப் பார்ப்பதில்லை. அதற்கு வேண்டியது இதமான சூடும் கொஞ்சம் அவகாசமும். 5 டிகிரி செல்சியஸுக்கு மேல், 60 டிகிரிக்குக் கீழ் சமைத்த உணவு கிடந்தால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். சூழல் ஒத்துவந்தால் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். நான்கு மணி நேரத்தில் ஒன்று 4,096 ஆகும். சமைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான்.

இந்தக் கணக்கோடு பாங்காக்கின் யாவோராட் தெருவுக்குப் போங்கள். வாணலியின் அடி 200 டிகிரியைத் தாண்டிக் காய்கிறது. உங்கள் கண்ணெதிரே நூடுல்ஸ் விழுகிறது, புரள்கிறது, சில நிமிடத்தில் தட்டுக்கு வருகிறது. கிருமிக்குப் பெருக அவகாசம் எங்கே? ஹனோயில் ஃபோ என்ற நூடுல்ஸ் சூப் விற்பவரின் அண்டாவில் எலும்புச் சாறு கொதித்துக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலும் ஒரு கடைக்கு ஒன்றிரண்டு பண்டம்தான். கூட்டம் மொய்க்கும் கடையில் சரக்கு தேங்கவும் வழியில்லை.

இனி, நீங்கள் நம்பும் பஃபேயைப் பாருங்கள். காலை ஆறு மணிக்குக் கிண்டிய ஃபிரைட் ரைஸ் பத்தரை வரை மூடி போட்ட பளபளப்பான பாத்திரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அடியில் எரிய வேண்டிய விளக்கு அணைந்தால் கவனிக்க ஆளில்லை. மிச்சத்தின் தலையிலேயே புதுச் சோறு கொட்டப்படுகிறது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் பிடித்த கரண்டி அது. இதைத்தான் சுத்தம் என்கிறீர்கள்.

சோறுதானே என்று அலட்சியம் வேண்டாம். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசி வேகும்போதும் சாவதில்லை. சோறு மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. குமட்டி வாந்தியெடுக்க வைக்கும் அந்த நஞ்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் பலர் இப்படி வாந்தியெடுத்தபோது, மொத்தமாக வடித்து வெளியே ஆறப்போட்டு, பிறகு வறுத்துக் கொடுத்த சோறுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். "திரும்பச் சூடுபண்ணினால் சரியாகிவிடும்" என்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

தெருக்கடைக்குக் குறையே இல்லையா? உண்டு. குறை பெரும்பாலும் தண்ணீரில். ஒரே வாளியில் முக்கியெடுக்கும் தட்டு, காசு வாங்கிய கையாலேயே கிள்ளிப் போடும் பச்சிலை, வெட்டி ஈ மொய்க்க வைத்த பழம்: இவற்றைக் கண்டால் நடையைக் கட்டுங்கள். சிங்கப்பூர் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. 1971 முதல் 1986 வரை தெரு வியாபாரிகளைக் குழாயும் சாக்கடையும் உள்ள உணவு அங்காடிகளுக்கு மாற்றியது. அந்த அங்காடிப் பண்பாட்டுக்கு 2020இல் யுனெஸ்கோவின் அங்கீகாரம் கிடைத்தது. அங்கே ஒரு கோழிச்சோற்றுக் கடைக்கு 2016இல் மிஷ்லின் நட்சத்திரமும் கிடைத்ததே என்று யாரும் எனக்குத் துணைக்கு வர வேண்டாம். மிஷ்லின்காரர் தேடுவது ருசியை. தட்டைத் துடைத்தெடுத்துக் கிருமி வளர்த்துப் பார்ப்பவர் அல்லர்.

மற்றவற்றைச் சுருக்கமாக முடிக்கிறேன்.

நம்பிக்கை: ஐஸைத் தொடவே கூடாது.

உண்மை: உறைய வைத்தால் கிருமி சாகாது என்பது சரி. ஆனால் தாய்லாந்தில் நடுவே துளையோடு குழல் வடிவில் வரும் ஐஸ், வடிகட்டிய நீரில் ஆலையில் செய்யப்படுவது. பெரிய பாளத்தை உடைத்துப் போட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நம்பிக்கை: காரமும் எலுமிச்சையும் ஒரு பெக்கும் கிருமியைக் கொன்றுவிடும்.

உண்மை: கொல்லாது. தாய்லாந்தின் ஈசான் பகுதியில் ஆற்று மீனைப் பச்சையாகக் கொத்தி, எலுமிச்சையும் மிளகாயும் சேர்த்துக் கோய் ப்ளா செய்கிறார்கள். அதிலுள்ள கல்லீரல் புழுவின் குஞ்சுகள் இரண்டுக்கும் அசைவதில்லை. பித்தநாளப் புற்றுநோய்க்கு அந்தப் புழு காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே வகைப்படுத்திவிட்டது. பச்சை ஆற்று மீனில் வீரம் காட்டாதீர்கள்.

நம்பிக்கை: அஜினோமோட்டோ விஷம்.

உண்மை: 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த குளூட்டமேட்தான் அஜினோமோட்டோவின் சாரம்; அது உங்கள் தக்காளி ரசத்திலும் இருக்கிறது. 1968இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த வாசகர் கடிதம் கிளப்பிய பீதி இது. உண்டவருக்கும் கொடுத்தவருக்கும் எது எதுவென்று தெரியாமல் நடத்திய சோதனைகளில் அந்தக் குற்றச்சாட்டு உறுதியாக நிற்கவில்லை.

நம்பிக்கை: வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவதே உத்தமம்.

உண்மை: புளியோதரைக்குப் புளிப்பு காவல். உருளைக்கிழங்கு மசாலை வைத்துச் சுருட்டிய சப்பாத்திக்கு யார் காவல்? முதல் நாள் இரவு கட்டியதை மறுநாள் மதியம் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, பழியை வெளியூர்த் தண்ணீர் மேல் போடுகிறீர்கள்.

கடைசியாக என் பழைய பாட்டு. சில நூறு ரூபாய்க்கு உணவில் குத்திப் பார்க்கும் வெப்பமானி கிடைக்கிறது. சாப்பாடு பரிமாறும் எந்த இடத்திலும் அது இல்லாமலிருப்பது வெட்கக்கேடு. பாங்காக்கைப் பார்த்து மூக்கைப் பிடிக்கிறவர்கள், நம் கல்யாண மண்டபத்தில் விடியற்காலை இறக்கிய குருமா முகூர்த்தம் முடியும்வரை ஆறிக்கிடப்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அடுத்த விசேஷத்துக்குச் சமையல் பேசும்போது, இனிப்பு எத்தனை வகை என்று கேட்ட கையோடு, பந்தி முடியும்போது குருமா எத்தனை டிகிரியில் இருக்கும் என்றும் கேளுங்கள். 60க்கு மேல் என்று சொல்லி, குத்திக் காட்டவும் தயாராக இருப்பவருக்கு மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள்.