லேபிளில் ஒரு எண், வண்டியில் வேறு எண்

அண்ணனூர் ரயில் நிலையத்தை ஒட்டி மின்தொடர் வண்டிகளுக்கான பணிமனை இருக்கிறது. சென்ட்ரல் – அரக்கோணம் தடத்து லோக்கல் வண்டிகளைக் கழுவித் துடைத்துப் பழுது பார்த்து அனுப்பும் இடம். தலைக்கு மேல் ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். அதைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பாண்டோகிராஃபை இறக்கிவிட்டால் வண்டி ஓர் அடி நகராது. பெரம்பூர் ஐ.சி.எஃப். 2018 ஜனவரி வரை கட்டிய பழைய ரக எக்ஸ்பிரஸ் பெட்டிகளின் கதை வேறு. அவற்றில் பெரும்பாலானவை தங்களுக்கு வேண்டிய வெளிச்சத்தையும் காற்றையும் தாங்களே பார்த்துக்கொண்டன. சக்கர அச்சோடு பெல்ட் போட்டு இணைத்த ஆல்டர்னேட்டர் ஒன்று, பெட்டிக்கு அடியில் 110 வோல்ட் பேட்டரி வரிசை ஒன்று. ஏ.சி. இல்லாத பெட்டிக்கு 4.5 கிலோவாட் ஆல்டர்னேட்டரும் 120 ஆம்பியர்-அவர் பேட்டரியும்; ஏ.சி. பெட்டிக்கு 25 கிலோவாட்டும் 1,100 ஆம்பியர்-அவரும். ஓடும்போது சேர்த்து, நிற்கும்போது செலவழிக்கும் ஏற்பாடு.

இன்று வேனுக்குள் படுக்கையும் அடுப்பும் சோலாரும் வைத்து ஊர் சுற்றுபவர்கள் ‘ஆஃப் கிரிட்’ என்று சொல்வதும் இதைத்தான். அந்த வாழ்க்கையோடு ஒரு சொல்மூட்டையும் வந்து இறங்கியிருக்கிறது: ஷோர் பவர், எம்.பி.பி.டி., சி-10, பியூர் சைன் வேவ், சோலார் ஜெனரேட்டர். சொற்கள் போகட்டும். அவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் நம்பிக்கைகள்தான் காசைக் கரைக்கின்றன. அவற்றில் பாதி, லேபிளில் உள்ள எண்ணைப் படித்துவிட்டு அதன் கீழே பொடி எழுத்தில் உள்ள நிபந்தனையைப் படிக்காமல் விட்டதால் முளைத்தவை.

“மாடியில் சோலார் போட்டாச்சு, இனி கரண்ட் போனாலும் கவலையில்லை”

2024 பிப்ரவரியில் பிரதமரின் சூர்ய கர் திட்டம் வந்தது. 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் 78,000 ரூபாய் மானியம். மொட்டை மாடிகளில் பேனல்கள் பெருகின. அவற்றில் பெரும்பாலானவை ‘ஆன் கிரிட்’ வகை. ஈ.பி. கம்பியில் மின்சாரம் இருந்தால்தான் இந்த இன்வெர்ட்டர் வேலை செய்யும். கம்பி செத்த மறுகணம் அதுவும் நின்றுவிடும், உச்சி வெயில் காய்ந்தாலும் சரி. இது கோளாறில்லை, வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு. மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் லைன்மேனின் கையில், யாரோ ஒருவர் வீட்டு மாடியிலிருந்து மின்சாரம் பாயக் கூடாதல்லவா?

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் மரங்களையும் கம்பங்களையும் சாய்த்தபோது, சென்னையின் பல பகுதிகளும் புறநகரும் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படி ஒரு நாளில் மின்விசிறி சுழல வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஆஃப் கிரிட் இன்வெர்ட்டர் வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு வேலையும் செய்யும் ஹைபிரிட் வேண்டும். வேனுக்குள் ஆன் கிரிட் இன்வெர்ட்டரை வாங்கி மாட்டுவதில் அர்த்தமே இல்லை. சில கடைகளில் இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கும். விலைச்சீட்டுக்கு முன்னால் இந்த வார்த்தையைப் பார்ப்பது நல்லது.

“150 ஆம்பியர் பேட்டரி, ராத்திரி முழுக்கத் தாங்கும்”

முதலில், அது 150 ஆம்பியர் இல்லை, 150 ஆம்பியர்-அவர். எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்பதை முதலாவது சொல்கிறது. எவ்வளவு இருக்கிறது என்பதை இரண்டாவது. தண்ணீர்க் குழாயின் பருமனுக்கும் சின்டெக்ஸ் தொட்டியின் கொள்ளளவுக்கும் உள்ள வித்தியாசம். இதைக் குழப்பிக்கொண்டால் அடுத்த கணக்கு எதுவும் தேறாது.

அந்த 150-க்குப் பக்கத்தில் ‘சி-20’ என்றோ ‘சி-10’ என்றோ சிறியதாக அச்சிட்டிருக்கும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிகளில் பெரும்பாலும் சி-20. 27 டிகிரி வெப்பத்தில், 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் பொறுமையாக எடுத்தால்தான் 150 கிடைக்கும் என்று அதற்குப் பொருள். சோலாருக்கென்று விற்கும் டியூபுலர் பேட்டரியில் சி-10: 15 ஆம்பியர் வீதம் 10 மணி நேரத்திலேயே அதே 150-ஐத் தர வேண்டும். எண் ஒன்றுதான், இரண்டாவதில் ஈயம் கூடுதல், எடை கூடுதல், விலையும் கூடுதல். ஈய-அமில பேட்டரியிலிருந்து எவ்வளவு அவசரமாக எடுக்கிறோமோ அவ்வளவு குறைவாகக் கிடைக்கும் என்பதை ஜெர்மானியரான பாய்கெர்ட் 1897-லேயே சூத்திரமாக்கிவிட்டார். மிக்ஸியும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஓடும் வேனில் இந்தச் சூத்திரம் தினமும் நிரூபணமாகும்.

கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் என்றால் 1,800 வாட்-அவர், அதாவது 1.8 யூனிட். ஈய பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் கையில் நிற்பது 900. இன்வெர்ட்டர் தன் பங்குக்கு 10 முதல் 15 சதவீதம் தின்றுவிடும். மிச்சம் ஏறக்குறைய 780. 75 வாட் சாதாரண ஃபேன் ஒன்று, 10 வாட் விளக்கு இரண்டு என்றால் 8 மணி நேரத்துக்குச் சரியாகப் போகும். அதே இடத்தில் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டினால் தேவை 400 வாட்-அவர்தான். பெரிய பேட்டரி வாங்குவதற்கு முன் ஃபேனை மாற்றுவது மலிவு. கடைக்காரர் இதைத் தாமாகச் சொல்லமாட்டார்.

இன்வெர்ட்டரின் ‘900’ வி.ஏ. என்பதும் இதே கதைதான். பவர் ஃபேக்டர் 0.8 என்றால் உண்மையில் கிடைப்பது 720 வாட். அந்த எண் எத்தனை கருவிகளை ஒரே சமயத்தில் ஓட்டலாம் என்பதைச் சொல்லும். எத்தனை மணி நேரம் என்பதைச் சொல்லாது. ‘பெரிய இன்வெர்ட்டர், அதிக பேக்கப்’ என்பது பேட்டரியின் பெருமையை இன்வெர்ட்டர் தலையில் கட்டுவது. ‘சோலார் ஜெனரேட்டர்’ என்ற பெயரில் வரும் கைப்பிடி வைத்த பெட்டியும் எதையும் உற்பத்தி செய்வதில்லை. உள்ளே பேட்டரியும் இன்வெர்ட்டரும் சார்ஜரும் இருக்கும், பேனலைத் தனியே வாங்க வேண்டும்.

“மே மாத வெயிலில் சோலார் பிய்த்து உதறும்”

பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், வெக்கை இல்லை. 400 வாட் என்ற எண், செல்லின் வெப்பம் 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. சித்திரை, வைகாசியில் வேன் கூரையோடு ஒட்டிப் பொருத்திய பேனலின் செல் 65 டிகிரியைத் தொடும். டிகிரிக்கு 0.35 சதவீதம் இழப்பு என்று வைத்தாலே 14 சதவீதம் போய்விட்டது. கூரைக்கும் பேனலுக்கும் நடுவே கொஞ்சம் காற்று போக இடைவெளி விடுவது இதற்காகத்தான்.

சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கே வருகிறது. ஆகவே, ‘சாய்த்து வைக்காவிட்டால் வீண்’ என்று ஐரோப்பிய வீடியோக்களில் சொல்வது இங்கே அவ்வளவாகப் பொருந்தாது. தட்டையாகப் படுக்க வைத்தாலும் ஆண்டுக் கணக்கில் இழப்பு சொற்பம். தெளிந்த வானமுள்ள நாளில் 400 வாட் பேனல் 1.5 யூனிட் அளவுக்குத் தரும். ஐப்பசி அடைமழையில் அதில் பாதி வந்தாலே பெரிது.

வெயிலைவிட நிழல்தான் உண்மையான தொல்லை. செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை என்பதால், ஒரு மூலையில் விழும் தென்னங்கீற்றின் நிழல் பேனலின் மூன்றில் ஒரு பகுதியை முடக்கிவிடும். வேனில் இருப்பவருக்கு மர நிழல் வேண்டும், வேனின் கூரைக்கு வெயில் வேண்டும். இந்தச் சண்டைக்குச் சமரசம், நீளமான வயரோடு தரையில் விரிக்கும் தனிப் பேனல்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே வைக்கும் சார்ஜ் கன்ட்ரோலர் விஷயத்தில் ஒரு கஞ்சத்தனம் அதிகம் நடக்கிறது. 31 வோல்ட்டில் வேலை செய்யும் 400 வாட் வீட்டுப் பேனலை, மலிவான பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் வழியாக 12 வோல்ட் பேட்டரியில் இணைத்தால் கிடைப்பது 170 வாட் அளவுதான். எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் அதிக வோல்ட்டைக் குறைந்த வோல்ட்டாக மாற்றி, குறைந்ததை ஆம்பியரில் ஈடுகட்டும். அதற்கு உள்ளே கனமான காயில் வேண்டும். மேலே ‘எம்.பி.பி.டி.’ என்று அச்சடித்து, கையில் எடுத்தால் பொம்மை போல எடையற்றிருக்கும் பெட்டியை நம்ப வேண்டாம்.

“வண்டி ஓடினால் தானாக சார்ஜ் ஏறிவிடும்”

பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ்., வண்டிகளுக்கு ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் செய்யும் நிறுவனம். அந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் ஆல்டர்னேட்டரை இன்னமும் ‘டைனமோ’ என்பார்கள். அதன் வேலை, செல்ஃப் அடித்ததில் இறங்கிய சின்ன சார்ஜை மீட்பதும் ஓடும்போது விளக்குகளுக்குக் கொடுப்பதும். 90 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அது எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றும்போது கிடைப்பது. அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது அதில் ஒரு பங்குதான்.

காலியான லித்தியம் பேட்டரியை நேரடியாக இதில் கட்டினால், கொடுத்ததையெல்லாம் அது உறிஞ்சும். டைனமோ சூடேறிக் கருகும். நடுவே 30 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் வைத்தால் இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஏறக்குறைய 0.8 யூனிட் ஏறும். ஸ்டார்ட்டர் பேட்டரியையே ஃபேனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் பயன்படுத்துவது வேறொரு தப்பு. ஒரு நொடியில் பெரும் கரண்ட்டைக் கொடுக்கும்படி மெல்லிய தகடுகளால் ஆனது அது; இரவெல்லாம் இழுத்தால் சில மாதங்களில் படுத்துவிடும்.

“லித்தியம் வெடிக்கும், ஈய பேட்டரி சாது”

இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 2022 மார்ச்சில் வேலூரில், சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மின்-ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் மூச்சுத்திணறி இறந்தனர். அந்த ஆண்டு அடுக்கடுக்காக நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு, மின்-வாகன பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ்.-156 விதி கடுமையாக்கப்பட்டது. ஆனால் லித்தியம் என்பது ஒரு பொருள் இல்லை, ஒரு குடும்பம். வேன்களுக்குப் பரிந்துரைக்கப்படும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் ரகத்தைவிட வெப்பத்துக்கு நன்றாக ஈடுகொடுக்கும். பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். சரியில்லாவிட்டால் அதுவும் ஆபத்துதான்.

சாது என்று பெயர் வாங்கிய டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனை வெளிவிடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும் வாயு. வீட்டில் வராந்தாவில் வைத்துவிடுகிறோம், தப்பிக்கிறோம். சன்னல் மூடிய வேனில், கட்டிலுக்கு அடியில் அதை வைத்துக்கொண்டு தூங்குபவர் எதைச் சாது என்று நினைக்கிறார்?

ஜெனரேட்டர் இன்னும் மோசம். கோடம்பாக்கத்தில் கேரவன் என்றால் நடிகர்களின் ஏ.சி. அறை. அதன் குளிர்ச்சிக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் சோலார் அல்ல, டீசல். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தனர். வண்டியின் ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு காரணம் என்று தெரியவந்தது. ‘புகை வந்தால் வாசனையில் தெரிந்துவிடும்’ என்பதை நம்பியே பலர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படுக்கிறார்கள். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அதைக் கண்டுபிடித்து அலறும் சிறு கருவி, பேனலையும் பேட்டரியையும் பார்க்கையில் சில்லறைச் செலவு.

கடைசியாக, “சொந்த வண்டி, உள்ளே என்ன செய்தால் யாருக்கென்ன?” என்பது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ்.-124 என்ற தனித் தரவிதி இருக்கிறது. அதன்படி கட்டி, ஆர்.டி.ஓ.வில் பதிந்து கொண்டால் சிக்கலில்லை. பழைய டெம்போ டிராவலரின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் கேஸ் அடுப்பும் பொருத்தியவர், ஆர்.சி.யில் இன்னும் ‘13 இருக்கை’ என்றே வைத்திருந்தால், விபத்து நடந்த அன்று இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது அந்தப் பதின்மூன்று இருக்கைகளைத்தான். வெல்டிங் பட்டறைக்கு முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போவதே சரியான வரிசை.